இம்ப்ளாண்ட் ஆயுளுக்கும் நிற்குமா?

வேல்முருகன்:
"சேதமடைந்த பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் கவலையில்லை" என்று கதிரேசன் எழுதியிருப்பதைப் படித்து எரிச்சலடைந்தேன். இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகும், அதன்மேல் பொருத்தும் பல் வடிவ உறையும்தான். வேர் சிகிச்சை செய்து உறை போட்டால் பிழைக்கக்கூடிய பல்லையும் இழக்கத் தூண்டும் அறிவுரை இது. இம்ப்ளாண்டில் சொத்தை விழாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறு அழற்சியுற்று, சீழ் பிடித்து, தாங்கும் எலும்பே கரையலாம். பிறகு ஆயுளுக்கும் என்பது எப்படி?

கதிரேசன்:
வரலாறு தெரிந்துதான் எழுதினேன், ஐயா. டைட்டானியம் எலும்போடு இறுகப் பிணைவதைச் சுவீடன் மருத்துவர் பிரோனமார்க் 1952இல் முயல்களை ஆராய்ந்தபோது கண்டார். 1965இல் அவரிடம் இம்ப்ளாண்ட் பொருத்திக்கொண்ட யோஸ்டா லார்சன், 2006இல் இறக்கும்வரை அவற்றைப் பயன்படுத்தினார். அது ஆயுள் இல்லையா?

வேல்முருகன்:
அது லார்சனின் ஆயுள். புகைபிடிப்பவருக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும், தூக்கத்தில் பல்லைக் கடிப்பவருக்கும் அதே உறுதியை நீங்கள் எப்படித் தருகிறீர்கள்? இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே கடிக்கும் விசையைத் தாங்கி, அதன் அளவை மூளைக்கு உணர்த்தும் மெல்லிய நார்த்திசு இருக்கிறது. இம்ப்ளாண்டுக்கு அது கிடையாது. மிகையான விசை நேரே திருகுக்கும் எலும்புக்கும் போகிறது. இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் ஆயுளுக்கும் என்கிறீர்கள்.

மல்லிகா:
எலும்புக்குள் இருக்கும் திருகைச் சொல்கிறீர்களா, மேலே இருக்கும் உறையையா? உறை உடைந்தால் அதை மட்டும் மாற்றலாமே. இம்ப்ளாண்டுக்குப் பதிலாக, பக்கத்துப் பற்களைத் தூணாக்கிச் செயற்கைப் பல்லைக் கட்டும் பிரிட்ஜ் என்றால் அந்த நல்ல பற்களையும் அராவ வேண்டியிருக்கும் என்பதை இருவருமே பேசவில்லை.

கதிரேசன்:
பிரிட்ஜைப் பற்றி இங்கே யார் கேட்டார்கள், அம்மா? வேர் சிகிச்சை விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் நடுவில் புகுந்து பேச்சைத் திருப்பினீர்கள். லார்சனுக்கு நின்றது, அதற்கு முதலில் பதில் வரட்டும்.

வேல்முருகன்:
பதில் சொல்லிவிட்டேன். எலும்பு பிணைவதற்கே பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகின்றன. சிலருக்கு அந்தப் பிணைப்பே ஏற்படாமல் திருகைக் கழற்ற நேர்கிறது. அவர்களிடமும் ஆயுளுக்கும் என்பீர்களா?

மல்லிகா:
நான் பேச்சைத் திருப்பவில்லை. அன்றும் என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை, கதிரேசன்.

கதிரேசன்:
அன்று நீங்கள் கேட்டதே வேறு. வேல்முருகன் ஐயா, சிலருக்குத் தோற்பதால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது பொய்யாகிவிடாது. நான் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை.

வேல்முருகன்:
மாற்றும்வரை நானும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.