அம்மாவுக்கு அடுத்து என்ன புத்தகம்?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். போன மாதம் நீங்கள் சொன்ன கி.ரா.வின் (எழுத்தாளர் கி. ராஜநாராயணன்) 'கோபல்லபுரத்து மக்கள்' அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 1991இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. "நம்ம ஊர்ப் பேச்சு அப்படியே இருக்குடா" என்று மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு வாசித்தார்.

அடுத்து பூமணியின் 'அஞ்ஞாடி'யை எடுத்துக் கொடுத்தேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல்! படுத்துக்கொண்டே படிப்பவர், நெஞ்சில் வைத்தால் கனக்கிறதாம். (எனக்கென்னவோ கரிசல் எழுத்தில், அதாவது கோவில்பட்டிப் பக்கத்துக் கறுப்பு மண் பூமியைப் பற்றிய எழுத்தில், அதுதான் உச்சம்.)

அதே கரிசல் பேச்சோடு, இருநூறு பக்கத்துக்குள், எழுத்து கொஞ்சம் பெரிதாக அச்சான நாவல் எது? சிறுகதைத் தொகுப்பானாலும் சரி. உங்களுக்கு ஏன் பிடித்தது என்றும் ஒரு வரி சொல்லுங்கள். சோகமாக முடிவது மட்டும் வேண்டாம், அப்புறம் எனக்குத்தான் திட்டு விழும்.