செல்சி கொட்டிய பணம்: வீணா, முதலீடா?

பழைய நீலம்:
2022 மே மாதம் லண்டன் கால்பந்து கிளப் செல்சி, பழைய உரிமையாளர் அப்ரமோவிச்சிடமிருந்து டாட் போலி, கிளியர்லேக் முதலீட்டு நிறுவனக் கூட்டணியின் கைக்குப் போனது. பங்குகளுக்கு மட்டும் 250 கோடி பவுண்டு. அப்புறம் வீரர்களை வாங்கவே 100 கோடிக்கு மேல் இறைத்துவிட்டார்கள். கிடைத்தது என்ன? முதல் சீசனில் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் 12ஆவது இடம், 38 ஆட்டங்களில் 38 கோல். பயிற்சியாளர்கள் டூகல், பாட்டர் இருவரையும் அதே சீசனில் அனுப்பினார்கள். புதிதாக வாங்கிய குலிபாலி, ஔபமெயாங் இருவரும் ஒரே வருடத்தில் கிளம்பிவிட்டார்கள். திட்டம் வைத்திருப்பவர்கள் இப்படியா வாங்குவார்கள்?

வலது விங்கர்:
இன்னும் அந்த முதல் சீசனிலேயே நிற்கிறீர்களே. பால்மரை 2023 செப்டம்பரில் சுமார் 4 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள், அந்த சீசனிலேயே லீக்கில் 22 கோல். 2025 ஜூலையில் பாரிஸ் கிளப் பிஎஸ்ஜியுடன் நடந்த கிளப் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்தீர்களா? 22ஆவது நிமிடம் இடது காலால் தரையோடு தரையாக ஓரத்தில் தள்ளினார். எட்டே நிமிடத்தில் அதே மூலையில் இன்னொன்று! 3-0. எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

கணக்குப்பிள்ளை:
கோப்பை ஒரு பக்கம் இருக்கட்டும். இவ்வளவு பணத்தை, கிளப்புகளின் நஷ்டத்துக்கு வரம்பு போடும் விதிகளுக்குள் எப்படிச் செலவழித்தார்கள் என்பதையும் பேசுவோம். நடுக்கள வீரர் என்சோவின் விலை 10.68 கோடி பவுண்டு, ஒப்பந்தம் எட்டரை ஆண்டு. கணக்குப் புத்தகத்தில் விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து எழுதுவார்கள். அதனால் வருடச் செலவு சுமார் 1.25 கோடிதான். ஐந்து ஆண்டு என்றால் 2.1 கோடிக்கு மேல் வந்திருக்கும். இந்த வழியை ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா 2023 கோடையிலேயே அடைத்தது. பிரீமியர் லீக் கிளப்புகளும் அந்த டிசம்பரில் ஐந்து ஆண்டு வரம்புக்கு வாக்களித்தன.

இன்னொன்று, கிளப்பின் சொந்த இளைஞர் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்த பையனுக்குப் புத்தகத்தில் விலையே கிடையாது. அவனை விற்றால் வருவது முழுக்க லாபம். மவுன்ட் 5.5 கோடிக்குப் போனதும், கேலகரை ஸ்பெயின் கிளப் அட்லெடிகோவுக்கு விற்றதும் இந்தக் கணக்கில் சேரும்.

பழைய நீலம்:
என் வயிற்றெரிச்சலே அதுதான். மவுன்ட் ஆறு வயதில் கிளப்புக்கு வந்தவர். 2021 போர்ட்டோ இறுதி ஆட்டத்தில் ஹாவர்ட்ஸுக்கு அந்தப் பந்தைப் பிளந்து கொடுத்தது யார்? அந்த ஒரு பாஸில்தான் சாம்பியன்ஸ் லீக் வந்தது. அவரை விற்ற பணத்தில் யாரை வாங்கினாலும் எனக்கு மனசு ஒட்டாது.

வலது விங்கர்:
மவுன்ட் போனது எனக்கும் வலிதான். ஆனால் அகாடமியையே காலி செய்த மாதிரி பேசுகிறீர்கள். 2025இல் கான்ஃபரன்ஸ் லீக் என்ற ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் ரீஸ் ஜேம்ஸ், நம் அகாடமிப் பையன். அந்த இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் கிளப் பெடிஸிடம் 0-1 என்று பின்தங்கியபோது பால்மர் கிராஸ் போட, தலையால் முட்டிச் சமன் செய்தவர் கணக்குப்பிள்ளை சொன்ன அந்தப் பெருவிலை என்சோ. பிறகு 4-1. வாங்கியவர்களும் வளர்ந்தவர்களும் சேர்ந்து ஜெயித்ததுதானே அது?

கணக்குப்பிள்ளை:
சரி, பால்மர் விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டேன், லாபமான வியாபாரம். ஆனால் விங்கர் முட்ரிக்கை எட்டரை ஆண்டுக்குக் கட்டிப்போட்டது யாருக்கு நல்லது? அப்புறம், ஹோட்டல்களைத் தங்கள் சகோதர நிறுவனத்துக்கே விற்று வரவு காட்டினார்கள். யூஃபா அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2025 ஜூலையில் 3.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

பழைய நீலம்:
விங்கர் சகோ, ஒன்றுதான் கேட்கிறேன். நாளைக்கே கணக்கில் இடித்து, அகாடமியில் வளர்ந்த கோல்வில்லுக்கு நல்ல விலையோடு ஒரு கிளப் வந்து நின்றால் இவர்கள் விற்க மாட்டார்கள் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?