ராபர்ட் மேக்ஸ்வெல் விட்டுச் சென்ற தடங்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஆக்ஸ்ஃபோர்டு மாணவி:
ஆக்ஸ்ஃபோர்டின் ஹெடிங்டன் ஹில் மாளிகையில், காசா நகரின் கதவுகளைப் பெயர்த்துச் சுமக்கும் விவிலிய மாவீரன் சிம்சோனின் வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருக்கிறதல்லவா, பிரிட்டனின் பதிப்பக, பத்திரிகை முதலாளி மேக்ஸ்வெல் அங்கே குடியிருந்தபோது செய்வித்தது. ஒரு மார்கழிப் பிற்பகலில் அதன் வழியே விழுந்த வெயில் என் கையில் பட்டபோது, உடன் வந்த தோழி, சிம்சோனின் முகத்தில் மேக்ஸ்வெல்லின் சாயல் இருப்பதாகச் சொல்வார்கள் என்றாள். தூண்களைச் சாய்த்து எல்லோரோடும் மடிந்தவனும் அதே சிம்சோன்தானே என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

ஓய்வுபெற்ற நூலகர், சென்னை:
ஒரு சாளரத்தை வைத்து மனிதரை அளக்க வேண்டாம், அம்மா. செக்கோஸ்லோவாக்கியாவின் ஏழை யூதக் குடும்பத்தில் 1923இல் பிறந்து, உற்றாரில் பலரை நாஜிகளிடம் பறிகொடுத்தவர், பெர்கமான் பதிப்பகத்தின் வழியாக அறிவியல் இதழ்களை உலகெங்கும் கொண்டுசேர்த்தார். எங்கள் நூலகத்தில் நிதி குறைந்து, எந்த இதழை நிறுத்தலாம் என்று கேட்டுச் சென்றபோது, வேதியியல் பேராசிரியர் ஒருவர் பெர்கமான் வெளியிட்ட ‘டெட்ராஹெட்ரான்’ இதழின் மேல் உள்ளங்கையை ஊன்றியபடி, ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லண்டன்வாசி:
நூலகர் ஐயா, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமொன்றை நிர்வகிக்க நம்பத்தக்கவர் அல்லர் என்று 1971இலேயே அரசு ஆய்வாளர்கள் எழுதிய பிறகும், 1984இல் மிரர் செய்தித்தாள் குழுமம் அவர் கைக்குப் போனதை எப்படி மறப்பது? 1991 நவம்பர் 5 அன்று கேனரித் தீவுகளுக்கு அருகே தம் படகிலிருந்து அவர் கடலில் விழுந்து இறந்த பிறகுதான், ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 40 கோடி பவுண்டுக்கும் மேல் எடுக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி. மேக்ஸ்வெல் பெயரை நான் எடுத்ததும் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

இங்கே பிரிட்டனில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் ஓய்வூதிய நிதியின் ஆண்டறிக்கையைத் தயவுசெய்து பிரித்துப் படியுங்கள். முதலாளியின் சொந்த நிறுவனங்களில் நிதி முடங்கியிருக்கிறதா, அறங்காவலர்களில் ஊழியர் தரப்பினர் இருக்கிறார்களா என்று எழுதிக் கேளுங்கள்; அந்தப் பாதுகாப்புகளை வலுப்படுத்திய 1995ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் இந்த மோசடிக்குப் பிறகு வந்ததுதான். இந்தியாவில் இருப்பவர்கள், சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதந்தோறும் பாஸ்புக்கில் பாருங்கள். ஏறவில்லை என்றால் சம்பளச் சீட்டோடு உடனே புகார் கொடுங்கள்.