இரை வைத்த கடலடி கேமரா: கண்ணாடியில் ஆவி படிகிறது, இரையும் நிற்கவில்லை

கேள்வி:
தூத்துக்குடிக்கு வெளியே 12 மீட்டர் ஆழப் பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) களவா, ஊளி, பாரை மீன்கள் எவ்வளவு வருகின்றன என்று பார்க்க, ஒற்றைக் கேமராவும் இரையும் கட்டிய சட்டத்தை இறக்குகிறோம், ஒவ்வொரு தடவையும் 60 நிமிடம். 20 நிமிடத்திலேயே ஹவுசிங் (கேமராவின் நீர்புகா உறை) கண்ணாடியின் உட்புறம் ஆவி படிகிறது, தண்ணீர் கசியவில்லை. நைலான் வலைப் பையில் வைக்கும் 1 கிலோ சாளை பாதி நேரத்தில் காலி. ஒரே ஊளி சுற்றிச் சுற்றி வந்தால் எப்படி எண்ணுவது?

மறுமொழி 1:
படகில் வைத்துத்தானே ஹவுசிங்கை மூடுகிறீர்கள்? கடற்காற்றின் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. கேமரா சூடாகும், கண்ணாடியைக் கடல்நீர் குளிர்விக்கும். ஈரம் அங்கே போய்ப் படியும். முந்தின இரவே ஏசி அறையில் கார்டு, பேட்டரி போட்டு, காய்ந்த சிலிக்கா ஜெல்லும் வைத்து மூடிவிடுங்கள். நிறம் மாறும் ஜெல் என்றால் ஈரம் ஏறியது கண்ணுக்கே தெரியும். ரெக்கார்டிங்கை வெளிப் பொத்தானில் தொடங்கலாம். வைஃபையை அணையுங்கள்: சூடும் குறையும், பேட்டரியும் நிற்கும். மூடும்போது ஓ-ரிங்கில் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ஒரு முடி கிடந்தாலும் அடுத்த தடவை கசிவுதான்.

மறுமொழி 2:
இரையைத் தின்பது பேத்தை, கிளாத்தி மீன்களாக இருக்கும். நைலானெல்லாம் அந்தப் பல்லுக்குத் தாங்காது. துளை போட்ட பிவிசி குழாயோ ஸ்டீல் கம்பி வலையோ போடுங்கள். சாளையை அரைக்காமல் நசுக்கி வையுங்கள். அரைத்தால் வாசம் சீக்கிரம் கரைந்து போய்விடும். இரை கேமராவிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் தள்ளி, நீவாடு (நீரோட்டம்) போகும் பக்கம் பார்த்து இருக்கட்டும். வாசம் பிடித்து மீன் வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

மறுமொழி 3:
வந்த தடவைகளைக் கூட்டாதீர்கள். ஒரு இனத்தில் ஒரே ஃபிரேமில் அதிகபட்சம் எத்தனை தெரிகிறதோ, அந்த ஒரு எண்தான் அந்த இறக்கத்துக்கு. மேக்ஸ்-என் என்பார்கள். ஒரே ஊளி பத்துத் தடவை வந்தாலும் கணக்கு 1. உண்மை எண்ணிக்கையைவிடக் குறைவாகவே காட்டும், அதனால் இதை வைத்து 'சதுர மீட்டருக்கு இத்தனை மீன்' என்று எழுதிவிடாதீர்கள். இடத்துக்கு இடம் ஒப்பிட மட்டும்தான். ஒரே நேரத்தில் இறக்கும் சட்டங்களுக்கிடையே 250 மீட்டராவது விடுங்கள், சுறா பார்ப்பதென்றால் 500. தண்ணீர்த் தெளிவையும் ஒவ்வொரு தடவையும் குறியுங்கள். கலங்கலில் வந்த பூஜ்யமும் தெளிவில் வந்த பூஜ்யமும் ஒன்றல்ல.

கேட்டவர்:
சரி, நசுக்கியே வைக்கிறோம். இதே கேமராவில் களவாவின் நீளம் எடுக்க முடியுமா?

மறுமொழி 3:
ஒற்றைக் கேமராவில் நம்பகமாக வராது. மீன் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதே தெரியாதே. ஒரே கம்பியில் 70 செ.மீ. இடைவெளியில் இரண்டு கேமரா, லேசாக உள்நோக்கித் திருப்பியது வேண்டும். இரண்டிலும் ஸ்டெபிலைசேஷன் (படத்தின் ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி) அணைத்திருக்க வேண்டும். பொருத்தியபின் கேமரா துளி அசைந்தாலும் அளவுத்திருத்தம் மறுபடி முதலிலிருந்து.