உதவி தேவை: பாஸ்போட்டில் ஒரு பெயர், தாதியர் சபைச் சான்றிதழில் இன்னொரு பெயர்

கேள்வி (ஹட்டன்)
அரச வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறேன், டிப்ளோமா முடித்தவள். இங்கிலாந்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழில் 'லெட்சுமி'. பாஸ்போட்டின் ஆங்கில எழுத்தை வாசித்தால் 'லெச்சுமி', தாதியர் சபைச் சான்றிதழில் 'லக்ஷ்மி'. ஐஇஎல்டிஎஸ் அகடமிக் ஆங்கிலப் பரீட்சையில் கேட்டல் 7.5, வாசிப்பு 7, பேச்சு 7, எழுத்து 6. ஏஜென்சிக்காரர் ஒருவர், பணம் கட்டினால் கெயார் (பராமரிப்பு வேலை) வீசாவில் போய் அங்கே நேர்ஸாக மாறலாம் என்கிறார். எதை முதலில் செய்வது?

பதில் (கண்டி)
தங்கச்சி, பெயரை முதலில் பாருங்கள். தோட்டப் பக்கம் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் நிறைய, அதனால் இந்தச் சிக்கல் மலையகத்தில் சகஜம். எல்லாவற்றுக்கும் பாஸ்போட்டையே அடிப்படையாக வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருப்பதால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போட்டையும் கொடுத்து, அதே ஆங்கில எழுத்தில் பெயரை எழுதச் சொல்லுங்கள். அது அங்கேயே சரியாகிவிடும்.

உண்மையான முரண்பாடு தாதியர் சபைப் பதிவில்தான். உங்கள் பதிவை உறுதிப்படுத்தும் கடிதம் சபையிடமிருந்து நேரடியாக என்எம்சிக்கு (பிரிட்டனில் நேர்ஸ்களைப் பதியும் சபை) போகிறது. உங்கள் கையிலுள்ள பிரதி அதற்கு ஈடாகாது. ஆகவே சபையில் எழுத்தில் விண்ணப்பித்துப் பதிவேட்டிலேயே பெயரைத் திருத்துங்கள். சமாதான நீதவானிடம் எடுக்கும் சத்தியக்கடதாசியைத் துணை ஆவணமாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி அனுப்பினால், விளக்கம் கேட்டு விண்ணப்பம் நின்றுவிடும்.

பொலிஸ் சான்றிதழ், சிபிடி (என்எம்சி பதிவுக்கான கணினிப் பரீட்சை) இரண்டையும் பாஸ்போட்டிலுள்ள பெயரிலேயே பதியுங்கள். பரீட்சை மண்டபத்தில் பெயர் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

பதில் (நுவரெலியா)
ஐஇஎல்டிஎஸ் வீணாகவில்லை. என்எம்சி கேட்பது கேட்டல், வாசிப்பு, பேச்சில் 7, எழுத்தில் 6.5. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு பெறுபேறுகளைச் சேர்க்கலாம். ஆனால் இரண்டு தடவையிலும் முதல் மூன்றும் 6.5க்குக் கீழே, எழுத்து 6க்குக் கீழே இறங்கக் கூடாது. உங்கள் 6 அந்த எல்லையில் நிற்கிறது. அடுத்த தடவை எழுத்தில் 6.5, மற்றவற்றில் குறைந்தது 6.5 வந்தால் போதும். எழுத்துப் பகுதியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்குகிறார்கள், அதற்கே பயிற்சி எடுங்கள்.

பதில் (பதுளை)
அந்த ஏஜென்சிக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து கெயார் வேலைக்கு ஆள் எடுக்கும் வழியை பிரிட்டன் 2025 ஜூலை 22இல் மூடிவிட்டது. வேலை தேடித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதும் அங்கே சட்டப்படி தடை. நேர்ஸ் வேலைக்கான ஹெல்த் அண்ட் கெயார் வீசாவில், மற்ற வீசாக்காரர் கட்டும் சுகாதாரக் கட்டணம் இல்லை, கணவன் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.

கேள்வியாளர்
நன்றி அக்கா, அண்ணா. பெயர் திருத்தம் முடிந்தபின் எந்த ஒழுங்கில் போவது? காச நோய்ப் பரிசோதனையை இப்போதே செய்யலாமா?

பதில் (கண்டி)
வேண்டாம். அந்தச் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லுபடியாகும். முதலில் ஆங்கிலப் பெறுபேறும் சிபிடியும். சிபிடி கணிதம், தாதியியல் என இரண்டு பகுதி, கட்டணம் 83 பவுண். பிறகு நேர்முகம், வேலை உறுதி. வேலை தருபவர் ஸ்பொன்சர் சான்றிதழ் தந்ததும் 3 மாதத்துக்குள் வீசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காச நோய்ப் பரிசோதனையை அந்தக் கட்டத்துக்குக் கிட்ட வையுங்கள்.

அங்கே போனபின் ஓஸ்கி எனும் செய்முறைப் பரீட்சை, கட்டணம் 794 பவுண். வேலைக் கடிதத்தில் இரண்டு விஷயம் பாருங்கள்: ஓஸ்கி கட்டணம் யார் கட்டுவது, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டாவதைப் பலர் வாசிக்காமலே கையொப்பம் வைக்கிறார்கள்.

நீங்கள் அரச ஊழியர் என்பதால், வைத்தியசாலை நிர்வாகம் ஊடாக விடுமுறை அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள். அனுமதியின்றிப் போனால் பதவியை விட்டுச் சென்றதாகக் கொள்வார்கள். புறப்படும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் பதிந்துவிடுங்கள்.