புதுப்பிப்பு: ஏர்கான் 'களக் களக்' சத்தம், காரணம் கிடைத்தது

போன வாரம் கேட்டிருந்தேனே, சிங்கப்பூர் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் வீட்டில் படுக்கையறை ஏர்கான் நடுராத்திரியில் யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி சத்தம் போடுகிறது என்று. பாதிப் பேர் "குளிரவைக்கிற கேஸ் குறைஞ்சிருக்கும்" என்றீர்கள். முதலில் வந்த சர்வீஸ்காரரும் அளந்துகூடப் பார்க்காமல் அதையேதான் சொன்னார். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. கசிவு இருந்தால்தான் குறையும். அறையும் நன்றாகவே குளிர்ந்தது. அவரை அனுப்பிவிட்டேன்.

அப்புறம் உங்களில் ஒருவர் சொன்ன சோதனையைச் செய்தேன். குளிர் இல்லாமல் ஏர்கானின் ஃபேன் மட்டும் 1 மணி நேரம் ஓடியது, சத்தமே இல்லை. கூல் போட்டு 20 நிமிடத்தில் மறுபடி களக். சரி, கோளாறு ஃபேனில் இல்லை. கேஸ் ஓட்டம், அல்லது வடியும் தண்ணீர்.

தண்ணீர்தான். இரண்டாவதாக வந்த அங்கிள் குளியலறைப் பக்கம் இருக்கும் வடிகுழாய் முனையில் வேக்குவம் வைத்து இழுத்தார். கஞ்சி மாதிரி வழவழவென்று ஒரு கட்டி வந்தது. (சாப்பிடும்போது படித்திருந்தால் மன்னிக்கவும்.) ஏர்கானுக்குள் தண்ணீர் சொட்டும் தட்டில் தேங்கியது அந்த அடைப்பைத் தாண்டிப் போகத்தான் அத்தனை கொப்பளிப்பு.

4 ராத்திரி ஆகிவிட்டது, சத்தம் இல்லை. அணைத்த பிறகு மட்டும் 'டிக், டிக்'. அது குளிர்ந்திருந்த பிளாஸ்டிக் மூடி மறுபடி விரிவது, விட்டுவிட்டேன்.