புதுப்பிப்பு: பினாங்கு சிறுவர் வகுப்பும் அசாம் லக்சாவும்

பினாங்கு சபையில் விடுமுறை வேதாகம வகுப்பு எடுக்கத் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறோம், பிள்ளைகள் அசாம் லக்சா என்ற மீன் நூடுல்ஸ் சூப் சாப்பிட அழைக்கிறார்கள், போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போனோம்.

கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்த புளிப்புச் சாறு. புளியோடு அசாம் கெலுகோரும் சேர்க்கிறார்கள். அது நம் குடம்புளிக்கு நெருங்கிய உறவு. தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே புதினா, அன்னாசி, வெள்ளரி, பொடியாக அரிந்த புங்கா கந்தான் என்ற இஞ்சி வகைப் பூ. முதல் வாய் நம்ம ஊர் மீன் குழம்பு மாதிரிதான் இருந்தது, அப்புறம் அந்தப் பூவின் வாசம் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. கரண்டியில் தனியாக வந்த கறுப்பு இறால் விழுதை ஒரு சிறுமி என் கிண்ணத்தில் கலக்கி, "அக்கா, இப்போ குடிங்க" என்றாள். குடித்தேன். மறுபடியும் வாங்கினேன்!

எங்கள் குழுவில் ஒருவருக்கு இறால் ஒவ்வாமை. விழுதை எடுத்துவிட்டால் போதாது, சாற்றிலேயே பெலாச்சான் என்ற இன்னொரு இறால் விழுது இருக்கும் என்று இங்கே ஒருவர் எச்சரித்திருந்தார். கடைக்காரரும் அதையே சொன்னதால் ஒவ்வாமை உள்ளவருக்குத் தோசை வாங்கிக் கொடுத்தோம். உங்களோடு பிள்ளைகள் வந்தால் இதை அவசியம் கேளுங்கள்.

மறுநாள் பாடம் யோவான் 6: ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொடுத்த பையன். என்ன மீன் என்று கேட்டார்கள். கானாங்கெளுத்தியாகத்தான் இருக்கும் என்று ஒருவன் அடித்துச் சொன்னான். வகுப்பே கலகலத்தது. பகிர்ந்து சாப்பிடுவதைப் பற்றி அதன் பிறகு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து டுரியான் பழமாம். அதற்காகப் பினாங்கிலேயே உள்ள பாலிக் புலாவ் போகிறோம்.